பைத்தான் கிளாஸும் ஜாவா கிளாஸும்: மரபுரிமை இடறும் இடங்கள்

பைத்தானில் எழுதியதை ஜாவாவோடு சேர்த்து ஓட்ட வேண்டிய தேவை நாம் நினைப்பதைவிட அதிகம். வெப்லாஜிக், வெப்ஸ்பியர் சர்வர்களை நிர்வகிக்கிறவர்கள், பர்ப் சூட்டுக்கு எக்ஸ்டென்ஷன் எழுதும் பாதுகாப்புச் சோதனையாளர்கள், ஃபிஜி என்ற மென்பொருளில் நுண்ணோக்கிப் படங்களை அலசும் ஆய்வு மாணவர்கள் எனப் பலரும் ஏதோ ஒரு கட்டத்தில், ஜாவாவின் மேல் ஓடும் பைத்தானான ஜைத்தானைத் தொட்டிருப்பார்கள். கணக்கு, லூப், ஸ்ட்ரிங், டிக்‌ஷனரி என்று இருக்கும்வரை வேலை ஒழுங்காகவே நடக்கும். ஜாவாவில் இருக்கும் ஒரு கிளாஸைத் தாயாக வைத்துக்கொண்டு பைத்தானில் சேய் கிளாஸ் எழுதத் தொடங்கியதும் புரியாத பிழைகள் வர ஆரம்பிக்கும். அட்ரிபியூட்டுக்கு மதிப்புக் கொடுத்தால் "படிக்க மட்டும்" என்கிறது. ஓவர்ரைடு செய்த, அதாவது தாயிடம் இருப்பதை மாற்றி எழுதிய, மெத்தடை ஜாவா பக்கம் கண்டுகொள்ளவே இல்லை. கம்பைல் ஆன கிளாஸை ஜாவா தேடினால் அப்படி ஒன்று இல்லை என்கிறது.

பார்வைக்குத் தனித்தனிப் பிழைகள், ஆனால் வேர் ஒன்றுதான். பைத்தானில் கிளாஸ் என்பது நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது உருவாகும் ஒரு பொருள். ஜாவாவில் கிளாஸ் என்பது பத்திரப் பதிவு போல, ஓடுவதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட ஆவணம். இந்த இரண்டையும் ஒரே கிளாஸாக ஆக்க முடியாது. அதனால் இந்த வேலைக்காக வந்த கருவிகள் எல்லாமே உள்ளுக்குள் இரண்டு கிளாஸ்களை உருவாக்கி, அவற்றைத் தைத்து ஒன்றாகக் காட்டுகின்றன. தையல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தனித்தனிப் பிழைக்குத் தனித்தனி மருந்து தேடுவதைவிட இதுதான் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கிளாஸ் எப்போது பிறக்கிறது

பைத்தானில் கிளாஸ் அறிவிப்பு என்பது, லூப் எப்படி ஓடுகிறதோ அதேபோல் ஓடுகிற ஒரு கட்டளை. அடைப்புக்குறிக்குள் தாய் கிளாஸின் பெயர் இருக்கிறதே, அது வெறும் பெயராக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு அது திருப்பித் தரும் கிளாஸைத் தாயாக வைத்துக்கொள்ளலாம். ஒரு நிபந்தனையைச் சோதித்து, லினக்ஸ் என்றால் ஒரு தாய், விண்டோஸ் என்றால் இன்னொரு தாய் என்று வைக்கலாம். கிளாஸ் உருவான பிறகு வெளியிலிருந்து மெத்தட் சேர்க்கலாம், இருப்பதை மாற்றலாம், தாய் கிளாஸ்களின் பட்டியலையே கூட மாற்றலாம்.

ஜாவாவின் கிளாஸ் ஃபைலைத் திறந்து பார்த்தால் தாய் கிளாஸுக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கும், அதுவும் ஒரு எண். என்னென்ன மெத்தட் வேண்டும் என்று அறிவிக்கும் இன்டர்ஃபேஸ்களுக்கு மட்டும் பட்டியல் உண்டு. ஒவ்வொரு மெத்தடும் தன் பெயரோடு எந்தெந்த வகை மதிப்புகளை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்பதையும் எழுதி வைத்திருக்கும். ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் அந்த ஃபைலை ஏற்றும்போது சரிபார்க்கும். அதற்குப் பிறகு தாயை மாற்ற வழியில்லை.

இதனால்தான் ஜைத்தான் ஒரு மாட்யூலைக் கம்பைல் செய்யும்போது பலரும் தவறாகப் புரிந்துகொள்கிற ஒன்று நடக்கிறது. மாட்யூலின் பெயரோடு ஒரு டாலர் குறியும் பிஒய்யும் சேர்ந்து ஒரு கிளாஸ் ஃபைல் உருவாகிறது. அதைப் பார்த்ததும், "சரி, கம்பைல் ஆகிவிட்டது, இனி ஜாவாவிலிருந்து நியூ போட்டு என் கிளாஸை உருவாக்கிக்கொள்ளலாம்" என்று தோன்றும். அந்த ஃபைலுக்குள் இருப்பது நம் கிளாஸ் அல்ல. நம் கிளாஸை எப்படி உருவாக்குவது என்ற செய்முறைதான் ஜேவிஎம் படிக்கும் கட்டளைகளான பைட்கோடாக இருக்கிறது. அந்தச் செய்முறை ஓடி முடிந்த பிறகே கிளாஸ் என்ற ஒன்று இருக்கும். அப்போதும் அது ஜைத்தானின் ரன்டைமுக்குள் இருக்கும் ஒரு பொருளாகவே இருக்கும். ஜாவாவின் கண்ணுக்குத் தெரியும் கிளாஸாக அல்ல.

ஜைத்தான்-சி செய்து பார்த்தது

1997-இல் ஜிம் ஹியூகனின் தொடங்கிய ஜேபைத்தான்தான் பிறகு ஜைத்தான் என்று பெயர் மாறியது. பைத்தானில் நம்பைக்கு முன்னோடியான நியூமெரிக்கை எழுதியவரும் அவரே; பின்னாளில் டாட்நெட்டுக்கான அயர்ன்பைத்தானையும் அவர்தான் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஜாவா என்றால் பலருக்கும் ஆப்லெட் நினைவுக்கு வரும். பிரவுசருக்குள் ஓடும் ஆப்லெட்டுக்கு, கிளாஸ்களை ஏற்றும் புதிய கிளாஸ் லோடர் உருவாக்கும் அனுமதி கிடையாது. ஜைத்தானோ ஓடும்போதே கிளாஸ்களை உருவாக்கி ஏற்றும் பழக்கம் கொண்டது. அதனால் முன்கூட்டியே கம்பைல் செய்து வைக்க ஒரு கருவி தேவைப்பட்டது. அதுதான் ஜைத்தான்-சி.

அது பைத்தான் மாட்யூலை ஜாவா மூல நிரலாக மாற்றி, பிறகு ஜாவா கம்பைலரிடம் கொடுக்கும். வெளியே வருவது உண்மையான ஜாவா கிளாஸ். ஆனால் அதற்கு ஈடாக எழுதுகிறவர் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டியிருந்தது. ஜாவா நேரடியாக எடுத்துப் பயன்படுத்த வேண்டிய கிளாஸின் பெயரும் ஃபைலின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அது உள்கிளாஸாகப் போய்விடும், ஆப்லெட்டையோ, சர்வரில் ஓடும் சர்வ்லெட்டையோ தேடும் ஜாவாவுக்கு எதிர்பார்த்த பெயரில் கிடைக்காது. தாய் கிளாஸில் இல்லாத புது மெத்தட் ஒன்றை ஜாவாவுக்குத் தெரியும்படி வைக்க வேண்டுமானால், அந்த மெத்தடின் விளக்கக் குறிப்பான டாக்ஸ்ட்ரிங்கில் அட்-சிக் என்ற குறியைப் போட்டு, ஜாவா பாணியில் அதன் கையொப்பத்தை, அதாவது வாங்கும், திருப்பித் தரும் வகைகளை, முழுமையாக எழுத வேண்டும்.

டாக்ஸ்ட்ரிங்கில் எழுதியதை இன்று பார்த்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியலாம். எனக்கு அது மிக நேர்மையான தீர்வாகவே படுகிறது. பைத்தான் மெத்தடில் வகைத் தகவல் இல்லை, ஜாவாவுக்கு அது இல்லாமல் முடியாது. ஆகவே அந்தத் தகவலை மனிதர்தான் தர வேண்டும். பின்னால் வந்த கருவிகளும் இதே கேள்வியை வேறு வடிவில் கேட்கின்றன, அவ்வளவுதான்.

ஜைத்தான்-சி திணறியது வேறு இடத்தில். ஒரு கிளாஸின் தாய் ஜாவா கிளாஸா, பைத்தான் கிளாஸா என்பதை அது கம்பைல் செய்யும்போதே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் உருவாக்க வேண்டிய நிரல் வேறு. பைத்தானோ அதை ஓடும்போதுதான் முடிவு செய்யும். இம்போர்ட் வரி தெளிவாக, மாட்யூலின் மேல்மட்டத்தில் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். தாய் கிளாஸ் ஒரு ஃபங்ஷன் திருப்பித் தந்தது என்றாலோ, ட்ரை-எக்ஸெப்டுக்குள் இம்போர்ட் செய்யப்பட்டது என்றாலோ, மூல நிரலைப் படித்து மட்டும் உறுதியாகச் சொல்ல வழியில்லை. மொழி வளர வளர, ஜைத்தான்-சி, ஓடும்போது ஜைத்தான் பயன்படுத்தும் கம்பைலர் ஆகிய இரண்டையும் ஒரே மாதிரி நடக்க வைப்பதும் கடினமாகிக்கொண்டே போனது. 2009-இல் வந்த ஜைத்தான் 2.5-இல் ஜைத்தான்-சி நீக்கப்பட்டது.

இரண்டு பாதிகள்

ஜைத்தான்-சி போன பிறகும் இருப்பது, அதற்கு முன்பிருந்தே இருந்த ப்ராக்ஸி முறை. திரையில் அட்டவணை காட்டும் ஜாவாவின் ஜேடேபிளைத் தாயாக வைத்து பைத்தானில் ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளாஸ் கட்டளை ஓடும்போது ஜைத்தான் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வழக்கமான பைத்தான் கிளாஸை உருவாக்குகிறது. இரண்டு, ஜேடேபிளை நீட்டிக்கும் ஒரு ஜாவா கிளாஸை அந்தக் கணத்திலேயே பைட்கோடாக எழுதி ஏற்றுகிறது. பின்னது தான் ப்ராக்ஸி. அதன் பெயர் ஓஆர்ஜி-பைத்தான்-ப்ராக்ஸீஸ் என்ற பேக்கேஜுக்குள், மாட்யூல் பெயர், கிளாஸ் பெயர், கடைசியில் ஒரு வரிசை எண் என்று அமையும்.

தாய் கிளாஸில் ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தட்களுக்கு ப்ராக்ஸி தன் சொந்த மெத்தடை வைத்திருக்கும். ஜாவா அதைக் கூப்பிட்டால், "இந்தப் பெயரில் பைத்தான் பாதியில் ஏதாவது இருக்கிறதா" என்று தேடும். இருந்தால் அதைக் கூப்பிட்டு, திரும்பி வருவதை ஜாவா வகைக்கு மாற்றிக் கொடுக்கும். இல்லாவிட்டால் தாயின் மெத்தடைக் கூப்பிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஆட் என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்து, அதற்குள்ளிருந்து தாயான அர்ரேலிஸ்ட் என்ற ஜாவா பட்டியல் கிளாஸின் ஆட் மெத்தடைக் கூப்பிடுகிறீர்கள். பைத்தானில் மிகச் சாதாரணமான வேலை இது. ஜைத்தான் ஜாவா மெத்தட்களைக் கூப்பிடுவது, ஓடும்போதே மெத்தடைப் பெயரால் தேடி எடுக்கும் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக. ஜாவாவின் ரிஃப்ளெக்‌ஷனிலோ ஒரு மெத்தடை எந்தக் கிளாஸிலிருந்து எடுத்தாலும், கூப்பிடும்போது அந்தப் பொருளின் உண்மையான கிளாஸில் இருக்கும் ஓவர்ரைடுதான் ஓடும். நம் பொருளின் உண்மையான கிளாஸ் ப்ராக்ஸி. ப்ராக்ஸியின் ஆட் திரும்பவும் பைத்தானின் ஆட்டைக் கூப்பிடும், அது தாயைக் கூப்பிடும், அது ப்ராக்ஸிக்குப் போகும். முடிவே இல்லாமல் சுற்றி ஸ்டாக் நிரம்பி நின்றுவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் ப்ராக்ஸியில் ஒவ்வொரு மெத்தடுக்கும் முன்னால் "சூப்பர்" என்று சேர்த்த ஒரு இணை மெத்தடும் உருவாக்கப்படுகிறது. அது தாயின் மெத்தடை நேரடியாகக் கூப்பிடும் கட்டளையைக் கொண்டது. கிளாஸ் பெயரைச் சொல்லி ஒரு மெத்தடைக் கூப்பிட்டு, கொடுக்கப்பட்ட பொருள் ப்ராக்ஸியாக இருந்தால், ஜைத்தான் அமைதியாக இந்த இணை மெத்தடுக்குத் திருப்பிவிடும். பிழைச் சுவடுகளில் "சூப்பர்" என்று தொடங்கி இரண்டு அடிக்கோடு போட்ட, நாம் எழுதாத மெத்தட் பெயர்கள் தென்படுவதன் காரணம் இதுதான்.

இரண்டு பாதி என்பதால் வரும் இன்னொரு விளைவு, வெளியுலகம் நம் கிளாஸைப் பெயரால் தேட முடியாது என்பது. ஜாவா ஃப்ரேம்வொர்க்குகள் கட்டமைப்பு ஃபைலில் ஒரு கிளாஸ் பெயரைக் கேட்கும், அதை ஏற்றி உருவாக்கும். ப்ராக்ஸி அந்த நேரத்தில் பிறந்தே இருக்காது. பிறந்திருந்தாலும் பெயரில் வரிசை எண் இருப்பதால் அதை நம்பி எழுதி வைக்க முடியாது. சீரியலைஸ் செய்து, அதாவது பைட்டுகளாக்கி, டிஸ்க்கில் வைத்த பொருளை இன்னொரு ஜேவிஎம்மில் திறக்கப் போனாலும் இதே கதைதான். நிரலில் ஒட்டும் குறிப்புகளான அனோட்டேஷன்களை நம்பி இயங்கும், ஜேயூனிட் 4 போன்ற சோதனைக் கருவிகளுக்கு ப்ராக்ஸியில் பார்க்க எதுவும் இருக்காது. இதைத் தீர்க்க ஜைத்தான் 2.7-இல் ப்ராக்ஸி உருவாக்கத்தை நாமே கையிலெடுத்துக்கொள்ள ஒரு வழி வைத்தார்கள். அதன் மேல் கட்டப்பட்ட கிளாம்ப் என்ற திட்டம், நிலையான பேக்கேஜ் பெயரோடு ப்ராக்ஸிகளை முன்கூட்டியே ஜார் என்ற ஜாவா தொகுப்பு ஃபைலுக்குள் வைக்க முயன்றது. ஜைத்தான்-சி விட்டுப்போன இடத்தை நிரப்பும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

கன்ஸ்ட்ரக்டர் என்ற குறுகிய வாசல்

பைத்தானில், புதுப் பொருளைத் தயார்செய்யும் மெத்தடான இனிட் ஓடும்போது பொருள் ஏற்கெனவே இருக்கிறது. இனிட் அதில் அட்ரிபியூட்களை வைக்கிறது, அவ்வளவே. தாயின் இனிட்டை முதலில் கூப்பிடலாம், கடைசியில் கூப்பிடலாம், நடுவில் கூப்பிடலாம், கூப்பிடாமலே விடலாம். ஜாவாவில் இந்த வேலைக்குக் கன்ஸ்ட்ரக்டர் உண்டு; தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடியும்வரை பொருள் முழுமை பெற்றதாகக் கருதப்படாது; சேயின் கன்ஸ்ட்ரக்டர் அதை எடுத்து எங்கும் அனுப்ப ஜேவிஎம்மின் சரிபார்ப்பு விடாது. 2025-இல் வந்த ஜாவா 25, தாயின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் சூப்பர் அழைப்புக்கு முன்னால் சில கட்டளைகளை எழுத அனுமதிக்கிறது என்றாலும், அந்த இடத்தில் பொருளின் சொந்த ஃபீல்டுகளுக்கு மதிப்பு வைக்கலாமே தவிர அதன் மெத்தட்களைக் கூப்பிட முடியாது.

ஜைத்தானின் ஏற்பாடு இது: பைத்தான் பாதி முதலில் வரும், இனிட் ஓடத் தொடங்கும். அதற்குள் தாயின் இனிட்டைக் கூப்பிட்டால் அந்தக் கணத்தில், கொடுத்த மதிப்புகளோடு ஜாவா பாதி உருவாகும். கடைசிவரை கூப்பிடாவிட்டால், இனிட் முடிந்ததும் மதிப்பு எதுவும் வாங்காத கன்ஸ்ட்ரக்டரை ஜைத்தான் தானே கூப்பிடும். தாயிடம் அப்படி ஒரு கன்ஸ்ட்ரக்டர் இல்லையென்றால் பிழை. அந்தப் பிழை நம் இனிட்டின் எந்த வரியையும் சுட்டாது என்பதால் பலர் வேறெங்கோ தேடி அலைவார்கள்.

இன்னும் சிக்கலான நிலை ஒன்று உண்டு. ஜேடேபிளின் கன்ஸ்ட்ரக்டர், டேட்டா மாடல் எதுவும் கொடுக்கப்படாவிட்டால், இயல்பு மாடலை உருவாக்கும் கிரியேட்-டிஃபால்ட்-டேட்டா-மாடல் என்ற மெத்தடைக் கூப்பிடும். நாம் அதை பைத்தானில் ஓவர்ரைடு செய்து, செல்ஃபில் (பைத்தானில் பொருள் தன்னையே குறிக்கும் பெயர்) இருக்கும் வரிசைகளை வைத்து மாடலை உருவாக்குகிறோம் என்று வையுங்கள். இனிட்டின் முதல் வரியில் வழக்கப்படி ஜேடேபிளின் இனிட்டைக் கூப்பிட்டால், அது ஓடி முடிவதற்குள்ளேயே நம் ஓவர்ரைடு ஓடிவிடும். செல்ஃபில் வரிசைகள் இன்னும் வைக்கப்படவில்லை. அட்ரிபியூட் இல்லை என்று விழும். ஜாவாவிலும் இந்த ஆபத்து இருக்கிறது, ஆனால் அங்கே ஃபீல்டு நல் மதிப்போடு இருக்கும், ஒரு சோதனை போட்டுச் சமாளிக்கலாம். பைத்தானில் அந்த அட்ரிபியூட்டே கிடையாது.

இங்கே இரண்டு பாதி முறை நமக்குக் கை கொடுக்கிறது. பைத்தான் பாதி முன்பே இருப்பதால், செல்ஃபில் வரிசைகளை வைத்துவிட்டு அப்புறம் ஜேடேபிளின் இனிட்டைக் கூப்பிடலாம். தாயின் இனிட்டை முதல் வரியில் வைப்பது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜாவா கிளாஸைத் தாயாகக் கொண்ட பைத்தான் கிளாஸில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது: முதலில் நம் சொந்த அட்ரிபியூட்கள், பிறகு தாயின் இனிட். ஆனால் இதே பொருளை ஜாவா பக்கத்திலிருந்து உருவாக்கினால் வரிசை தலைகீழாகிவிடும். ஜேவிஎம் விதிப்படி ஜாவா பாதியின் கன்ஸ்ட்ரக்டர் சங்கிலி முதலில் தொடங்கும், பைத்தான் பாதி அதற்குள்ளிருந்துதான் பிறக்கும். ஒரே கிளாஸ், யார் உருவாக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு வரிசையில் உயிர் பெறுகிறது. அதனால் ஜாவாவும் உருவாக்கக்கூடிய கிளாஸின் இனிட்டில் கனமான வேலை எதையும் வைக்காமல் இருப்பது பாதுகாப்பு.

பெயர் மட்டும் போதுமா

பைத்தானில் மெத்தடுக்கு அடையாளம் பெயர் மட்டும்தான். ஜாவாவில் பெயரும் வாங்கும் வகைகளும் சேர்ந்து அடையாளம். அர்ரேலிஸ்டில் ஆட் என்று இரண்டு உண்டு: ஒன்று பொருளை மட்டும் வாங்கி கடைசியில் சேர்க்கும், இன்னொன்று இடத்தின் எண்ணையும் வாங்கி நடுவில் செருகும். பைத்தான் சேய் கிளாஸில் ஒரு மதிப்பு வாங்கும் ஆட்டை எழுதினால், ப்ராக்ஸி இரண்டையுமே அதற்கு அனுப்பும். நாம் சோதித்தது முதல் வடிவம். எங்கோ ஒரு ஜாவா நூலகம் இரண்டாவது வடிவத்தைக் கூப்பிட்டால் மதிப்புகளின் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வெடிக்கும். நட்சத்திரக் குறி போட்டு எத்தனை மதிப்பானாலும் வாங்கிக்கொண்டு, எண்ணிக்கையைப் பார்த்துப் பிரித்து, நமக்கு வேண்டாத வடிவத்தைத் தாயிடமே அனுப்பிவிடுவதுதான் வழி. திருப்பித் தரும் மதிப்புக்கும் இதே கவனம் வேண்டும். பூலியன் எதிர்பார்க்கும் மெத்தடின் முடிவில் ரிட்டர்ன் எழுத மறந்தால் பைத்தான் நன் என்ற வெற்று மதிப்பைத் தரும். ஜாவாவின் பூலியனில் அதற்கு இடமில்லை.

சேய் கிளாஸ் மாற்றி எழுத ஜாவா தடை செய்த ஃபைனல் மெத்தட்கள் வேறு விதமாக ஏமாற்றும். த்ரெட் கிளாஸின் கெட்நேம் ஃபைனல். பைத்தான் சேய் கிளாஸில் அதே பெயரில் ஒன்றை எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். பைத்தான் நிரலிலிருந்து கூப்பிட்டால் நம்முடையது ஓடும், ஜாவாவிலிருந்து கூப்பிட்டால் த்ரெட்டினுடையது ஓடும். ஒரே பொருள் இரண்டு பதில் சொல்கிறது, பிழைச் செய்தி மட்டும் வராது. இந்த வகைச் சிக்கல்களில் இதுதான் மிக மோசமானது என்பேன், ஏனென்றால் பைத்தானில் எழுதிய யூனிட் டெஸ்ட்கள் எல்லாம் தேறிவிடும்.

ஜைத்தானின் ஒரு வசதியும் மரபுரிமையோடு சேரும்போது காலை வாரும். கெட், செட் என்று தொடங்கும் ஜாவா மெத்தட்களை அது அட்ரிபியூட்டாகக் காட்டும். திரையின் ஒரு பகுதியைக் குறிக்கும் ஜேபேனலைத் தாயாக வைத்த கிளாஸில் செல்ஃபின் பேரன்ட் என்ற அட்ரிபியூட்டில் ஏதோ ஒன்றை வைக்கப் போவது யாருக்கும் இயல்பாகத் தோன்றும். ஜேபேனலின் மூதாதையான, ஏடபிள்யூடி என்ற ஜாவா திரை நூலகத்தின் காம்பொனன்டில் கெட்பேரன்ட் உண்டு, செட்பேரன்ட் கிடையாது. அதனால்தான் அந்த "படிக்க மட்டும்" பிழை. செட் மெத்தடும் இருந்துவிட்டால் இன்னும் சங்கடம்: பிழை வராது, நாம் வெறும் குறிப்பாக வைத்த மதிப்பு ஜாவாவின் நடத்தையையே மாற்றிவிடும். சொந்த அட்ரிபியூட்களுக்கு ஒரு முன்னொட்டு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை மொத்தமாகப் போய்விடும்.

பல தாய்கள், ஒரு சூப்பர்

பைத்தானில் ஒரு கிளாஸுக்குப் பல தாய்கள் இருக்கலாம், ஜாவாவில் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஜைத்தானில் எத்தனை பைத்தான் கிளாஸ்களையும் எத்தனை இன்டர்ஃபேஸ்களையும் தாயாக வைக்கலாம், ஜாவா கிளாஸ் மட்டும் ஒன்றுக்கு மேல் கூடாது. இதை ஜைத்தானின் குறை என்று சிலர் சொல்வது நியாயமில்லை. பைத்தானின் வழக்கமான வடிவமான சி-பைத்தானிலேயே இன்ட், ஸ்ட்ரிங் இரண்டையும் தாயாக வைத்துப் பாருங்கள், நினைவக அமைப்பு மோதுகிறது என்று மறுத்துவிடும். அடித்தளத்தில் நிலையான வடிவம் கொண்ட இரண்டு பொருள்களை எந்த மொழியும் எளிதாக இணைத்துவிடாது.

உண்மையான கடினம் சூப்பரில் இருக்கிறது. நான்கு கிளாஸ்களை எடுத்துக்கொள்வோம்: அ மேலே, ஆ, இ இரண்டும் அ-வின் சேய்கள், ஈ-க்கு ஆ, இ இரண்டும் தாய். 2003-இல் வந்த பைத்தான் 2.3 முதல் மெத்தட் தேடும் வரிசை சி3 என்ற முறைப்படி அமைகிறது. இங்கே அது ஈ, ஆ, இ, அ. ஆ-வின் மெத்தடுக்குள் சூப்பர் என்று எழுதியிருந்தால், ஈ-யின் பொருளில் அது இ-யைக் கூப்பிடும். ஆ-வை எழுதியவருக்கு இ என்ற கிளாஸ் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அதே வரி, ஆ-வின் நேரடிப் பொருளில் அ-வைக் கூப்பிடும். ஆக, பைத்தானில் சூப்பர் என்பது "என் தாய்" அல்ல, "இந்தப் பொருளின் வரிசையில் எனக்கு அடுத்தவர்".

ஜாவாவில் சூப்பர் என்பது நேரடித் தாய். ஜேவிஎம்மில் அதற்கென இருக்கும் கட்டளை, பொருள் எதுவானாலும், கிளாஸ் இணைக்கப்படும்போதே முடிவான ஒரே மெத்தடுக்குத்தான் போகும். ஆகவே பைத்தானின் சூப்பரை ஜாவாவின் சூப்பராக மொழிமாற்றினால் அது தவறான நிரல், பல நேரம் ஓடினாலும் தவறு. ஓடும்போது வரிசையைப் பார்த்துத் தேடியே ஆக வேண்டும். ஜாவா 8-இல் இன்டர்ஃபேஸ்களுக்கு இயல்பு மெத்தட்கள் வந்தபோது இது தீரும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். தீரவில்லை. இரண்டு இன்டர்ஃபேஸ்கள் ஒரே மெத்தடைத் தந்தால் ஜாவா கம்பைலர் வரிசைப்படுத்தாது, நீயே முடிவு செய் என்று மறுத்துவிடும்.

ஜாவா கிளாஸ் இந்த வரிசையின் நடுவில் வந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பைத்தானின் கூட்டுறவு சூப்பர், வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கூப்பிட்டால்தான் வேலை செய்யும். ஜாவா கிளாஸுக்கு நம் வரிசை தெரியாது. அது தன் தாயை மட்டும் கூப்பிட்டுவிட்டு நின்றுவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் பைத்தான் மிக்ஸின்கள் (கூடுதல் வசதி சேர்க்கும் தாய் கிளாஸ்கள்) ஓடவே மாட்டா. மிக்ஸின்களை முன்னாலும் ஜாவா கிளாஸைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்

ஜைத்தான் இன்றும் பைத்தான் 2.7-இலேயே நிற்கிறது. பைத்தான் 3 வேண்டும் என்பவர்கள் வேறு கருவிகளைத் தேடுகிறார்கள். அவை ஒவ்வொன்றும் மரபுரிமையை எப்படிக் கையாண்டன என்று பார்த்தால் ஒரு போக்கு தெரியும்.

பெருந்தரவுக் கருவியான ஸ்பார்க்கை பைத்தானிலிருந்து இயக்கப் பயன்படும் பை4ஜே, ஜாவா இன்டர்ஃபேஸை பைத்தான் கிளாஸ் நிறைவேற்ற விடும். ஜாவா கிளாஸை நீட்டிக்க விடாது. ஜேபைப்பும் அப்படியே. நிரல்களைப் பிரித்து ஆராயும் கருவியான கித்ராவில் பைத்தான் 3 ஸ்கிரிப்ட்களுக்காக வந்த பைகித்ரா அமர்ந்திருப்பது இந்த ஜேபைப்பின் மேல்தான். இரண்டும் கடினமான கதவைத் திறக்காமலே விட்டன, எனக்கு அது விவேகமான முடிவாகத் தெரிகிறது. இன்டர்ஃபேஸுக்குக் கன்ஸ்ட்ரக்டர் இல்லை, ஃபைனல் மெத்தட் இல்லை, ப்ரொடெக்டட் ஃபீல்டு இல்லை. மேலே சொன்ன சிக்கல்களில் பெரும்பாலானவை தாமாகவே காணாமல் போகின்றன. ஆனால் இங்கே ஒரு புதுச் சிக்கல் சேர்கிறது: பைத்தான் பாதி சி-பைத்தானின் நினைவகத்தில், ஜாவா பாதி ஜேவிஎம்மின் நினைவகத்தில். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தால் எந்தக் குப்பை சேகரிப்பானுக்கும் முழுப் படம் தெரியாது. ஜைத்தானில் இரண்டு பாதியும் ஒரே இடத்தில் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஆண்ட்ராய்டுக்கான சாக்கோபைக்கு அந்தக் கதவைத் திறக்காமல் இருக்க வழியில்லை. ஆப்பின் ஒரு திரையைக் குறிக்கும் ஆக்டிவிட்டி கிளாஸை நீட்டிக்காமல் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுவது அரிது. ஆண்ட்ராய்டு ஜாவா பைட்கோடை நேரடியாக ஓட்டாது என்பதால், ஜைத்தான் போல ஓடும்போது ப்ராக்ஸி எழுதவும் முடியாது. ஆகவே சாக்கோபை, ஆப்பைக் கட்டும் நேரத்திலேயே பைத்தான் மூல நிரலைப் படித்து ஜாவா கிளாஸை எழுதி வைக்கிறது. அதற்காக நாம் தாய் கிளாஸை ஸ்டாட்டிக்-ப்ராக்ஸி என்ற அழைப்புக்குள் எழுத வேண்டும். ஒவ்வொரு ஓவர்ரைடுக்கு மேலும் அது திருப்பித் தரும் வகை, வாங்கும் வகைகளை டெக்கரேட்டராகச் சொல்ல வேண்டும். கிளாஸ் மாட்யூலின் மேல்மட்டத்தில், எந்த நிபந்தனைக்குள்ளும் இல்லாமல் இருக்க வேண்டும். ஜைத்தான்-சி டாக்ஸ்ட்ரிங்கில் கேட்ட அதே தகவல், அதே கட்டுப்பாடு. நல்ல தொடரியலோடு திரும்பி வந்திருக்கிறது.

ஆரக்கிளின் பைத்தான் 3 வடிவமான கிரால்பை ஜாவா கிளாஸை நீட்டிக்க விடுகிறது, தையலை மறைக்கவில்லை. லாக்கிங் ஹேண்ட்லரைத் தாயாக வைத்து ஒரு கிளாஸ் எழுதி, இனிட்டில் செல்ஃபில் ஒரு லிஸ்டை வைத்தால், வெளியிலிருந்து அந்த லிஸ்டை அடைய திஸ் என்ற அட்ரிபியூட் வழியாகப் போக வேண்டும், ஏனென்றால் நம் கையில் இருப்பது ஜாவா பாதி. முதலில் எரிச்சலாக இருக்கும். ஜைத்தானிலிருந்து நிரலை அப்படியே கொண்டுவருகிறவர்கள் இங்கேதான் அதிகம் மாற்ற வேண்டியிருக்கும். இருந்தாலும் இரண்டு பாதி இருப்பதை நிரலிலேயே தெரிய வைப்பது, ஒன்றாக நடித்துக்கொண்டு இடையில் கைவிடுவதைவிட மேல்.

பழைய ஜைத்தான்-சி நிரல் இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது இதுதான். ஜாவா எதிர்பார்க்கும் கிளாஸை ஜாவாவிலேயே எழுதிவிடுங்கள், இருபது முப்பது வரிக்கு மேல் போகாது. அதற்குள் ஒரு இன்டர்ஃபேஸ் வகை ஃபீல்டு மட்டும் இருக்கட்டும். பைத்தான் கிளாஸ் அந்த இன்டர்ஃபேஸை நிறைவேற்றட்டும். ஜாவா கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்த பிறகு, ஒரு ஃபேக்டரி வழியாக பைத்தான் இன்டர்ப்ரெட்டரிடம் கிளாஸைக் கேட்டு, ஒரு பொருளை உருவாக்கி, டூ-ஜாவா மெத்தடால் இன்டர்ஃபேஸ் வகைக்கு மாற்றி அந்த ஃபீல்டில் வையுங்கள். அனோட்டேஷன், நிலையான பெயர், சீரியலைஸ் செய்யும் பொறுப்பு எல்லாம் ஜாவா கிளாஸில் தங்கும். மாறிக்கொண்டே இருக்கும் தர்க்கம் பைத்தானில் இருக்கும். டாக்ஸ்ட்ரிங்கில் அட்-சிக் போட்டு எழுதியிருந்த கையொப்பங்களை வரிசையாக எடுத்து வைத்தால், அந்த இன்டர்ஃபேஸின் முக்கால்வாசி தயாராகிவிடும்.